ஏழு ஏலக்காய்

ஜூன் 3

நாத்தனாருக்கு,

உன் அண்ணன் சொல்லி இதை எழுதவில்லை. அவர் அணைக்கட்டு வேலைக்குப் போனதிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருகிறார், மூக்குப்பொடி போடுகிறார், தூங்குகிறார், போகிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உன் சாமான்கள் கடையில் கிடக்கின்றன. ஒரு ஜோடி செருப்பு, நீலக் குடை, அப்புறம் அந்த டப்பா. எந்த டப்பா என்று உனக்குத் தெரியும். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, தினமும் பார்த்துக்கொண்டிருக்கவும் பிடிக்கவில்லை. என்ன செய்வதென்று எழுது.

இன்னொரு விஷயம். சந்தைக் குழு கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மூன்று மாதத்தில் ஐந்து புகாராம். இந்த மாதம் இருபத்து நாலாம் தேதி மூன்று பேர் வந்து என் அரிசிக் கேக்கைத் தின்று பார்ப்பார்களாம். திருப்தியில்லை என்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். பதினான்கு வருஷமாக விடியுமுன் நான் தூக்கிய ஷட்டரை வேறொருத்தி தூக்குவாளாம். நான் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டுமாம். அந்தக் கடை இல்லாவிட்டால் நான் யார், சொல்.

புகார் சொன்னவர்களில் நம் லாரிக்காரரும் ஒருவர். நின்ற இடத்தில் நாலு கேக் தின்பதால் 'நாலு' என்று நீதான் அவருக்குப் பெயர் வைத்தாய். போன வாரம் ஒன்றைக் கடித்துவிட்டு மூன்றைத் தட்டிலேயே வைத்தார். "தேங்கா ஊசிப்போச்சும்மா"ன்னு சொன்னார். என் முன்னால் உடைத்துத் துருவிய தேங்காய்! இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியவில்லை. தேங்காய்க்காரன் பழையதைத் தள்ளிவிடுகிறான். இஞ்சி வெறும் நார். ஏலக்காயில் தோல்தான் இருக்கிறது, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டாலும் மணம் என்ற பேச்சே இல்லை.

பக்கத்தில் பூக்கடை காலியாகி, ஐந்தாம் வரிசையில் இருந்த கருவாட்டுக்காரி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

உன்னை நான் கூப்பிடவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு பானை மாவுக்கு நீ எத்தனை ஏலக்காய் போடுவாய்? அதை மட்டும் எழுதினால் போதும்.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

ஏழு.

இதோடு நிறுத்திவிட்டுத் தபாலில் போட்டிருப்பேன். கவரை ஒட்டிய பிறகு கை அரித்தது, கிழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு வருஷம் உங்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மூடி போட்ட பானைக்குள் கேக் வெந்ததா இல்லையா என்று மூடியைத் தூக்காமலே சொல்வேன். அதற்காகச் சந்தை மொத்தமும் என்னை மூக்கி என்று கூப்பிட்டது. அந்தச் சந்தைக்கு நடுவில்தான் ஒரு தட்டுக் கேக்கைச் சாக்கடையில் கொட்டினீர்கள். என் பையைப் பிடுங்கி டப்பாவை எடுத்துத் திறந்து, மறுபடி மூடித் தரையில் அடித்து, "என் கடை ஏலக்காய திருடறவ எனக்கு வேணாம்"னு கத்தினீர்கள். லாரிக்கார நாலு கையில் கடித்த கேக்கோடு அப்படியே நின்றார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தேன். வழியெல்லாம் வெயில். இப்போது அந்தச் செருப்பை என்ன செய்வதென்று கேட்கிறீர்கள்.

கேளுங்கள், இதை ஒரு தடவைதான் சொல்வேன். அந்தத் தூள் நான் என் கைக்காசில் காய் வாங்கி, என் அறையில் இடித்துக்கொண்டு வந்தது. போன ஆடியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்து எழுந்தீர்களே, அன்றிலிருந்து "மணம் பத்தல, மணம் பத்தல" என்று உயிரை எடுத்தீர்கள். ஏழு காய் போட்டேன், பத்தவில்லை. பத்து போட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பதினாலு போட்டபோது நாலு சிரித்தார். "என்ன மூக்கி, கல்யாண வீடா?" என்றார். உங்களுக்கு மட்டும் அதுவும் பத்தவில்லை. கடைக் காயில் இன்னும் கூட்டினால் நீங்கள் திட்டுவீர்கள் என்றுதான் என் சொந்தத் தூளைக் கொண்டுவந்து ரகசியமாகக் கொட்டினேன். போடுவதற்காகக் கொண்டுவந்தவளை எடுத்துப் போனவள் என்றீர்கள்.

இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். பிஸ்கட் கம்பெனியில் வேலை. ஞாயிறு காலை வெறும் வயிற்றோடு சந்தைக்குப் போகிறேன். முதல் வரிசையில் ஒருவர் சின்னச் சின்னக் குழியுள்ள இரும்புச் சட்டியில் தேங்காய்க் கேக் சுடுகிறார். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பால் இறங்கினாற்போல் குழைவு. கம்பியால் குத்தி எடுத்துக் காகிதத்தில் போட்டுக் கொடுப்பார். ஆறும்வரை பொறுக்க மாட்டேன், நாக்கைச் சுட்டுக்கொண்டே தின்பேன். அடுத்தது எள் தூவிய பிஸ்கட். அப்புறம் வாழைப்பழம் மசித்துப் பொரித்த உருண்டை, வெல்லப் பாகு முழங்கை வரைக்கும் வழியும். பாத்திரக்கடைக்காரர் கை கழுவத் தண்ணீர் தருவார், முகம் சுளிக்காமல்.

கடைசியில் ஒரு அம்மாள் ஆவியில் வேகவைத்த அரிசிக் கேக் விற்கிறாள். உங்களுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. போய்க் கேட்டேன், அவள் ஆறுதான் போடுகிறாளாம்.

டப்பாவைத் தூக்கி எறியுங்கள். உங்களுக்கு அது வழக்கம்தானே.

மூக்கி


ஜூன் 13

நாத்தனாருக்கு,

நன்றாக எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாய். வாய் முன்பே இருந்தது, இப்போது கையும் நீண்டுவிட்டது. ஆறு போடுகிறவளிடமே போய் இருந்துகொள்.

நீ சொன்ன ஏழைப் போட்டுப் பார்த்தேன். மாவில் ஒன்றுமே தெரியவில்லை. மேலும் இரண்டு பிடி போட்டேன். மருந்துக்கடைக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "என் கடை கஷாயமே தேவலாம்மா"ங்கிறார். மணமே இல்லாத சாமானில் காரம் மட்டும் எங்கிருந்து வரும்? எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு என்னை ஓட்டப் பார்க்கிறார்கள். உனக்கும் இதில் பங்கு உண்டோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை மறைக்க எனக்குத் தெரியாது.

செவ்வாயன்று பானையில் தண்ணீர் வற்றி அடி பிடித்துக் கருகிவிட்டது. நான் பானைக்குப் பக்கத்திலேயேதான் முதுகைக் காட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். புகை கண்ணில் எரிந்தபிறகுதான் திரும்பினேன். அதற்குள் கருவாட்டுக்காரி வந்து நின்று, "தூங்கிட்டியா? தெருவெல்லாம் கருகல் நாத்தம்!" என்று கத்தல். அவள் நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறாள்! அவள் வந்ததிலிருந்து என் கேக்கில் கருவாட்டு வாடை ஏறுகிறதென்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். போதாததற்கு எலி. அவள் கூடைக்கு வருகிற எலியெல்லாம் என் அடுப்படியில் குடித்தனம் நடத்துகிறது. இரண்டு மாவு மூட்டை, ஒரு துடைப்பம், என் ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் கடித்தாகிவிட்டது.

வாடைக்கு வழி செய்துவிட்டேன். இரண்டு கடைக்கும் நடுவில் உள்ள பலகைச் சந்து, மேலே உள்ள காற்றுத் துவாரம், ஷட்டருக்கு அடியில் உள்ள இடைவெளி எல்லாவற்றிலும் சாக்கைத் திணித்து அடைத்திருக்கிறேன். இனி ஒரு கொசு நுழையட்டும் பார்க்கலாம். காலையில் உள்ளே போனதும் ஷட்டரை இறக்கிக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

கேஸ் போடுகிற ஆளும் திருடனாகிவிட்டான். ஒரு மாதம் வந்த சிலிண்டர் இப்போது பதினைந்து நாள்கூட வருவதில்லை. அடுப்பு எரிவது முன்பைவிடக் குறைவு, வாங்குகிறவர்கள் இல்லையே! கேட்டால், "நீங்க ராத்திரி வால்வ மூடறீங்களாம்மா?"ன்னு என்னையே கேட்கிறான். அந்த வால்வு இறுகிப்போய்க் கிடக்கிறது, என் கைக்குத் திரும்பாது. நீ இருந்தபோது நீ மூடிவிட்டு வருவாய். இப்போது அடுப்பில் மட்டும் அணைத்துவிட்டு வருகிறேன். அதிலென்ன.

இருபத்து நாலாம் தேதி அந்த மூன்று பேரும் வரட்டும். ஒருத்தர் தயவும் எனக்கு வேண்டாம்.

அண்ணி


ஜூன் 17, மதியம்

அண்ணி,

கடிதத்தின் மற்றதை அப்புறம் படியுங்கள். முதலில் இதைச் செய்யுங்கள். அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். கடைக்குள் தீக்குச்சி உரசாதீர்கள், விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டு வெளியே நில்லுங்கள். சாக்கையெல்லாம் பிடுங்கி எறியச் சொல்லுங்கள். கேஸ் ஆளைக் கூப்பிட்டு வால்வை மூடச் சொல்லுங்கள். டியூபை எலி கடித்திருக்கும்.

உங்கள் கடிதம் காலையில் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். முதல் தடவை படித்தபோது கோபம்தான் வந்தது. எனக்கும் பங்கு உண்டு என்று எழுதியிருந்த இடத்தில் தாளைக் கசக்கிவிட்டேன். பிறகு ஏதோ உறுத்தியது. பிரித்து மறுபடி படித்தேன். தேங்காய் ஊசியது உங்களுக்குத் தெரியவில்லை. பானை முதுகுக்குப் பின்னால் கருகியது தெரியவில்லை. கருவாட்டு வாடையைக்கூட மற்றவர்கள் சொல்லித்தான் எழுதியிருக்கிறீர்கள். பதினாலு காய் போட்டும் மணக்கவில்லை என்றீர்களே, அது போன வருஷமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மூக்கி என்று பெயர் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

அண்ணி, தேங்காய்க்காரன் திருடனில்லை. கேஸ் ஆளும் திருடனில்லை. உங்களுக்கு வாசனை தெரியவில்லை. காய்ச்சலோடு அது போயிருக்கிறது.

பதினைந்து நாளில் தீர்கிற சிலிண்டர் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் கடைக்குள்தான். சந்து எல்லாவற்றையும் அடைத்து அதை நீங்களே பத்திரப்படுத்துகிறீர்கள். பக்கத்தில் கருவாடு இருப்பதால் வழியில் போகிறவர்களுக்கும் பிரித்துத் தெரிவதில்லை.

மருந்துக்கடைக்கு ட்ரங்க் கால் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், லைன் கிடைக்கவில்லை. இந்தக் கடிதம் வர மூன்று நாலு நாளாகும் என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன், சும்மா இருக்க முடியவில்லை. தந்தி அடித்துவிட்டேன். உங்களுக்கு அடித்தால் அனுப்பியவள் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமல் கிழிப்பீர்கள். அதனால் வேறொருவருக்கு அடித்திருக்கிறேன். யாரென்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

அந்த ஆள் வந்து எதைச் சொன்னாலும் ஒரே ஒரு தடவை கேளுங்கள் அண்ணி. அதற்குப் பிறகு என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் திட்டலாம்.

மூக்கி


ஜூன் 17, மாலை

நாத்தனாருக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. வர வேண்டாம். இதுதான் கடைசி. குடையையும் செருப்பையும் ஒரு பார்சலாகக் கட்டி அனுப்புகிறேன்.

இன்று புது சிலிண்டர் மாட்டியாகிவிட்டது. அந்த ஆள் வாசலிலேயே, "ஏதோ வாடை வருதேம்மா"ன்னு மூக்கைத் தூக்கினான். "கருவாடுதான், வேறென்ன, மாட்டிட்டுப் போ" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே மாட்டினான். அவனுக்கும் அவசரம், வண்டியில் இன்னும் எட்டு சிலிண்டர் இருந்தது.

இரண்டு நாளாகத் தலை பாரமாக இருக்கிறது. கடைக்குள் இருக்கும்போது கூடுதலாக, வெளியே வந்தால் கொஞ்சம் தேவலை. கவலைதான். குழு வர இன்னும் ஒரு வாரம். நாளை விடிகாலையில் போய் ஒத்திகை மாதிரி பத்துப் பானை போட்டுப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு பானைக்கும் வெவ்வேறு அளவு. எதையாவது ஒன்றை யாராவது ஒருவர் நன்றாக இருக்கிறதென்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

மாவு கரைத்து வைத்தாயிற்று. தீப்பெட்டி புதுசு வாங்கி மடியில் செருகியாயிற்று. பழையது நமத்துப்போய் நாலு குச்சி உரசினால்தான் ஒன்று பிடிக்கிறது.

நீ இருந்திருந்தால் பத்துப் பானை போட வேண்டியிருக்காது. அதையும் எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு எழுதலாம் என்றால் வேறு தாள் இல்லை.

அண்ணி


ஜூன் 20, ரயிலில்

அண்ணி,

நீங்கள் பதினேழாம் தேதி எழுதியது இன்று காலை வந்தது. தந்திக்குப் பதில் இல்லை. ட்ரங்க் கால் இன்றும் கிடைக்கவில்லை. மேற்பார்வையாளரிடம், "லீவு குடுத்தாலும் குடுக்காட்டியும் போறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்து ரயில் ஏறிவிட்டேன். உட்கார இடமில்லை. கதவுக்குப் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

பதினெட்டாம் தேதி விடிகாலை என்று எழுதியிருக்கிறீர்கள். அது போய் இரண்டு நாளாகிவிட்டது. உங்கள் எழுத்தைக் கையில் வைத்திருக்கிறேன், அது நீங்கள் இருந்தபோது எழுதியது. இப்போது இருக்கிறீர்களா என்று அதில் இல்லை. தீப்பெட்டி மடியில் இருக்கிறது என்ற வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. எதிரே நிற்கிற அம்மா, "யாருக்கு என்னம்மா?"ன்னு கேட்டாள். "எங்க அண்ணி" என்றேன்.

கோபத்தில் ஒரு பொய் எழுதினேன், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆறு போடுகிறவளின் கேக் உங்களுடையதைவிட நன்றாக இல்லை. சப்பென்று இருக்கும். ஞாயிறுதோறும் அந்தச் சந்தையில் ஒவ்வொரு கடையாகத் தின்றுகொண்டு போவதே, எங்காவது உங்கள் கை தட்டுப்படுமா என்றுதான். இதுவரை தட்டுப்படவில்லை.

இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வரும். கையிலேயே கொண்டுவருகிறேன். வாங்கிப் பிரிக்க நீங்கள் இருக்க வேண்டும்.

மூக்கி


ஜூன் 20

மூக்கிக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. உன் டப்பாவுக்குள் மடித்து வைக்கிறேன். நீ வருவாய் என்று தெரியும், வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவாய் என்றும் தெரியும். இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது.

பதினெட்டாம் தேதி இருட்டுப் பிரியும் நேரத்தில் சாவியோடு போனேன். என் ஷட்டருக்கு முன்னால் கருவாட்டுக்காரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கூடை. தந்தியை நீ அவளுக்கு அடிப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, முதல் நாள் சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார். அவளும் அந்த நேரமே என் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். நான் ஜன்னலில் அவள் தலையைப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.

"எழுந்திரு" என்றேன்.

"மாட்டேன்."

"கடைய தெறக்கணும்."

"தெறக்க விடமாட்டேன். உன் நாத்தனா பத்து வார்த்தை எழுதியிருக்கா. உனக்கு மூக்கு செத்துப்போச்சாம், உள்ள கேஸ் நிக்குதாம்."

"அவளுக்கு வேற வேலை இல்ல. உனக்கும் இல்ல."

"சரி, நான் பொய்னு வச்சுக்க. கண்ண மூடு. நான் காட்டறது என்னன்னு சொல்லிட்டா எழுந்துக்கறேன். இனி உன் பக்கமே வரமாட்டேன், கடையவே அந்தக் கோடிக்கு மாத்திக்கறேன்."

நல்ல பேரமாகத் தெரிந்தது, கண்ணை மூடினேன். மூக்குக்குக் கீழே எதையோ நீட்டினாள். அவள் கூடையிலிருந்து வேறென்ன வரும்? "கருவாடு" என்றேன். கண்ணைத் திறந்தால் கையில் சோப்பு, அவள் பேத்தி பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய ரோஜா வாசனைச் சோப்பு. மறுபடி மூடச் சொன்னாள். "சோப்பு" என்றேன். இந்தத் தடவை கருவாடு, என் மேலுதட்டில் படுகிற மாதிரி வைத்திருந்தாள்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முந்தானையால் என் உதட்டைத் துடைத்துவிட்டாள். அதற்குள் மருந்துக்கடைக்காரர், நாலு, கேஸ் ஆள் எல்லோரும் அவள் ஏற்பாடு பண்ணியபடி வந்து நின்றார்கள். சாவியை என்னிடமிருந்து வாங்கி நாலுதான் ஷட்டரைத் தூக்கினார். மெதுவாக, இரும்பு உரசாமல்.

பாதி தூக்கியதும் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசை முடியும்வரை ஓடினார்கள். கருவாட்டுக்காரியும் ஓடினாள், மூக்கி, ஆயுசெல்லாம் கருவாட்டில் உட்கார்ந்தவள். நான் மட்டும் நின்ற இடத்தில் நின்றேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. எப்போதும் போல விடிகாலைக் காற்று, அவ்வளவுதான். என் மடியில் புதுத் தீப்பெட்டி. அவளே திரும்பி ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டியூபில் இரண்டு இடத்தில் பல் பதிந்திருந்தது. கேஸ் ஆள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முதல் நாள் வாடை வருகிறதென்று சொன்னவனை அவசரப்படுத்தி அனுப்பியது நான், அவனை ஒன்றும் சொல்லாதே.

பதில் தந்தி அடிக்கத் தபால் ஆபீஸ் வாசல்வரை மூன்று தடவை போனேன். தந்தி ஃபாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றால் எதை எழுதுவது? நீ சொன்னது சரி என்பதற்கு எத்தனை வார்த்தை ஆகும்? திரும்பி வந்துவிட்டேன். இன்று காலை போய், "இருக்கிறேன் வா" என்று அடித்தேன். அதற்குள் நீ கிளம்பியிருப்பாய். மூன்று நாள் உன்னைத் தவிக்க விட்டதும் என் வீம்புதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதற்காகத்தான் இந்தக் கடிதமே. காய்ச்சலுக்குப் பிறகு சாமான்தான் மோசம் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உன் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன் பார், அப்போது நம்பிக்கை போய்விட்டது. டப்பா நிறைய ஏலக்காய்த் தூள், அன்றுதான் இடித்தது, பச்சையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தில் நின்ற பெண், "அப்பா, என்ன மணம்!" என்கிறாள். எனக்கு வெறும் தகரம். கேக் விற்கிறவளுக்கு மூக்கு இல்லை என்று சந்தைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரே பயம். அந்தப் பயத்தில், எல்லோரும் வேறு பக்கம் பார்க்கட்டும் என்று, திருடி என்று கத்தினேன். நீ எடுக்கவில்லை என்பது கத்தும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். செருப்பில்லாமல் நீ போனதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அதற்குப் பிறகு உனக்கு எழுதிய கடிதங்களிலும் தேங்காய்க்காரனைத் திட்டினேன், கேஸ் ஆளைத் திட்டினேன், உன்னையும் விடவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பேரைத் திருடனாக்கியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

இருபத்து நாலாம் தேதி குழு வரும். இந்தக் கடையின் மூக்கு கோபித்துக்கொண்டு வெளியூர் போயிருக்கிறது, காரணம் நான்தான் என்று அவர்களிடம் சொல்லிவிடப் போகிறேன். கடை போனால் போகட்டும். அதைச் சந்தைக்கு நடுவில், நீ நின்ற அதே இடத்தில் நின்று சொல்வேன்.

இதை வைக்குமுன் டப்பாவைத் திறந்து ரொம்ப நேரம் மோந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே ஏலக்காய்தான் இருக்கிறது என்று நீ சொல்லித்தான் நம்புகிறேன்.

அண்ணி


ஜூன் 21, மேலே உள்ள கடிதத்தின் பின்பக்கம், பென்சிலில்

அண்ணி,

நீங்கள் கருவாட்டு அக்கா கடையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் படித்து முடிக்கட்டும் என்று. இங்கிருந்தே தெரிகிறது. அக்கா அடிக்கடி எட்டிப் பார்த்து உங்களுக்குச் சைகை காட்டுகிறாள்.

திருடி என்றதை நான் இன்னும் மறக்கவில்லை. தெரிந்தே சொன்னீர்கள் என்று படித்தபோது வந்த வழியே திரும்பிவிடலாமா என்றுகூட எழுந்தேன். அந்தச் சண்டையைத் தனியாக, வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு போடுவோம். நன்றாகவே போடுவேன், தயாராக இருங்கள்.

டப்பாவை நானும் மோந்து பார்த்தேன். அன்று தரையில் அடித்தீர்களே, அதில் மூடி நெளிந்துவிட்டது. எட்டு மாதமாகக் காற்று போய், உள்ளே இருப்பது வெறும் தூசி. எனக்கும் ஒன்றும் வரவில்லை அண்ணி.

புதுக் காய் வாங்கி வந்தேன். ஏழு உரித்து வைத்திருக்கிறேன். வால்வையும் புது டியூபையும் பார்த்தாயிற்று, ஷட்டர் முழுசாகத் திறந்திருக்கிறது. வந்து பானையை ஏற்றுங்கள். வெந்ததும் நான் சொல்கிறேன்.